ஆறையும் இறக்காதீங்க

காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, கிட்டார் பழுதுபார்க்கும் அவளுடைய பட்டறைக்குத் தையல்காரர் கிட்டாரோடு வந்தார். உறை இல்லை, பெட்டி இல்லை. தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரத்தைக் கொண்டுவருகிறவர்போல அடிமேல் அடி வைத்து நடந்தார். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிட்டாரின் தலையில் மூன்றாவது சாவியைப் பிடித்திருந்தன. மேசைமேல் வைக்கச் சொன்னாள். வைத்தார். விரல்களை எடுக்கவில்லை.

"விடுங்க, பார்க்கிறேன்."

"விட்டா இறங்கிடும்."

"இறங்கட்டும். அதுக்குத்தானே கொண்டுவந்தீங்க."

அவர் விடவில்லை. விரல் நுனிகள் வெளுத்து மெழுகுபோல இருந்தன. மூன்று பஸ் மாறி வந்தாராம். மூன்றிலும் இப்படியே பிடித்துக்கொண்டு நின்றாராம். நூல் கட்டிப் பார்த்தாராம், அறுந்துவிட்டதாம்.

அவள் ஒரு சின்ன கிளாம்ப்பை எடுத்துச் சாவியின்மேல் பொருத்தி இறுக்கினாள். அதன் பிறகுதான் அவர் கையை எடுத்தார். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றிலேயே வைத்திருந்தார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சாவியைத் திருப்பினால் ஒரு சின்னத் திருகு சுழலும். திருகு பற்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தோடு சேர்ந்த உருளை சுழன்று தந்தியைச் சுற்றிக்கொள்ளும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் சாவி திரும்பாது. இதில் மூன்றாவது சக்கரத்தின் பற்கள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. மற்ற ஐந்திலும் பாதி தேய்மானம். சாவிகளின் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. தினமும், ஒரு நாளைக்குப் பலமுறை, யாரோ திருப்பியிருக்கிறார்கள். மேடையில் வாசிக்கிறவர்களின் கிட்டாரில்கூட அவள் இப்படிப் பார்த்ததில்லை.

"பல்லு போயிடுச்சு. இது ஒண்ணை மட்டும் மாத்த முடியாது, மூணு சாவி ஒரே தட்டுல இருக்கு. இந்தத் தட்டு இப்போ வர்றதும் இல்லை. ரெண்டு பக்கமும் புதுசு போட்டுடலாம். நீங்கதான் வாசிக்கறீங்களா?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. எங்க வீட்டம்மாவோடது."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "மேஸ்திரி, புது மாப்பிள்ளை வந்தாச்சா?"

பட்டறைக்கு வரும் எந்தக் கிட்டாரும் அவள் கணவனுக்கு மாப்பிள்ளைதான். அவள் மேஸ்திரி. அவன் பஸ் கண்டக்டராக இருந்தவன். இதயம் வீங்கி, கால்களில் நீர் கோத்து, நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தான். பேச மூச்சு போதாதபோது கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் கழிப்பறை. மூன்று என்றால் ஒன்றுமில்லை, சும்மா வந்து பக்கத்தில் உட்கார்.

"வந்தாச்சு. பல்லு இல்லாத மாப்பிள்ளை," என்றாள்.

"வரதட்சணையைக் குறைச்சுப் பேசு."

சிரிப்பு இருமலாக மாறி, நீண்டு, அடங்கியது. தையல்காரர் உள் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள யாரு?"

"எங்க வீட்டுக்காரர். உடம்பு முடியலை."

"ரொம்ப முடியலையா?"

"மருந்து மாத்தியிருக்காங்க. பார்க்கலாம்னு சொல்றாங்க."

அவர் கிட்டாரை மறுபடி தூக்கினார். "வேற எங்கயாவது குடுத்துக்கறேன்."

தூக்கிய அசைவில் கிளாம்ப் நழுவியது. உள்ளே ஒரு பல் தாண்டும் ஓசை. டிக். மூன்றாவது தந்தி அரை மயிரிழை தளர்ந்தது. தையல்காரரின் தலை தோள்களுக்குள் இறங்கியது. தன் வீடு இருக்கும் திசையில் காதைக் கொடுப்பவர்போல ஜன்னலைப் பார்த்தார். பிறகு கிட்டாரைக் கீழே வைத்தார்.

"இங்கேயே பாருங்க. ஒரே ஒரு விஷயம். ஆறையும் ஒரே நேரத்துல இறக்காதீங்க. ஒரு பக்கம் மூணை இறக்கி, புதுசு போட்டு, ஏத்திடுங்க. அப்புறம் அந்தப் பக்கம்."

வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் இதைச் சொல்வார்கள். எல்லாத் தந்திகளையும் ஒன்றாக இறக்கினால் கழுத்து வளைந்துபோகும் என்று யாரோ கிளப்பிவிட்ட நம்பிக்கை. விளக்கி விளக்கி அலுத்துவிட்டாள்.

"சரிங்க," என்றாள்.

"சத்தியமா?"

"சரின்னு சொன்னேனே."

ஒரு சீட்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதி வைத்தார், அவள் எண்ணைக் குறித்துக்கொண்டார். வீட்டம்மா தனியாக இருக்கிறாள், போக வேண்டும் என்றார். போகும்போது கையைப் பிசைந்துகொண்டே போனார்.

*

தந்திகளைத் துணியால் துடைத்தபோது கவனித்தாள். ஆறுக்கும் ஆறு வெவ்வேறு வயது. ஒன்று தெளிவாக இருந்தது, ஒன்று மஞ்சளாக, ஒன்று பழுப்பேறி. யாருமே ஆறு தந்திகளையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள். இங்கே யாரோ பல வருடங்களாக ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள். ஐந்து எப்போதும் இறுக்கத்திலேயே இருந்திருக்கின்றன.

சொன்னபடியே ஒரு பக்கம் மூன்றை இறக்கினாள். பழைய தட்டைக் கழற்றினாள். புதுத் தட்டை வைத்துப் பார்த்தாள். உருளைகள் ஒரு மயிரிழை தடிமன். துளைகளைக் கொஞ்சம் அகட்ட வேண்டும்.

அங்கேதான் சிக்கல். மறுபக்கத்து மூன்று தந்திகள் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத வளைவு. வளைந்திருக்கும் தலையில் துளையை அகட்டினால் துளை கோணும். கோணிய துளையில் உருளை உரசும். உரசும் சாவி ஒரே வருடத்தில் பல் போய்த் திரும்பி வரும். இருபத்தோரு வருடத் தொழிலில் அவள் கோணலாக ஒரு துளை போட்டதில்லை.

மணி ஒன்று நாற்பது. உள்ளே கட்டில் கம்பி ஒலித்தது. மூன்று தட்டு.

"பத்து நிமிஷம்," என்றாள்.

பத்து நிமிடம் என்று அவள் சொன்னால் முக்கால் மணி நேரம் என்று அவனுக்குத் தெரியும்.

நான்காவது தந்தியை இறக்கினாள். ஐந்தாவது. ஆறாவது சாவியைத் திருப்பத் திருப்ப அந்தத் தடித்த தந்தியின் ஒலி தாழ்ந்து, தாழ்ந்து, ஒலி என்று சொல்ல முடியாத ஒரு நடுக்கமாகி, நின்றது. சுவர்க்கடிகாரம் ஒன்றே முக்கால் காட்டியது. கிட்டாரின் உடல் பெருமூச்சு விட்டது. அது சாதாரணம். பாரம் போனால் மரம் தளரும். ஆனால் ஒலித்துளையிலிருந்து ஒரு வாடையும் வந்தது. பல மாதம் திறக்காத அலமாரியில் ஈரத்துணியை வைத்து மூடியதுபோல. பழைய கிட்டார், என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறியைக் கூட்டினாள்.

வேலை நன்றாகப் போனது. அரத்தை ஒவ்வொரு துளையிலும் செங்குத்தாக நிறுத்தி, கால் சுற்று, கால் சுற்றாக அகட்டினாள். செம்மரத் தூள் விரல்களில் ஒட்டியது. பழைய ஸ்க்ரூத் துளைகளில் பல்குத்தும் குச்சியைப் பசையோடு செருகி வெட்டினாள். புது ஸ்க்ரூக்களைச் சோப்பில் தேய்த்து முறுக்கினாள், மரம் பிளக்காமல் இருக்க. ஒவ்வொரு பற்சக்கரத்துக்கும் ஊசிமுனை எண்ணெய். ஆறு சாவிகளையும் வெறுமனே சுழற்றிப் பார்த்தாள். பட்டுப்போல ஓடின. தன் வேலையில் அவளுக்கே ஒரு மகிழ்ச்சி வந்தது. அந்த நேரம் முழுவதும் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதைப் பிறகுதான் யோசித்தாள்.

புது நைலான் தந்திகள். அடியில் முடிச்சு, உருளையில் இரண்டு சுற்று. தொலைபேசியைச் சத்தமில்லாமல் ஆக்கி இழுப்பறையில் போட்டாள். சுருதி கூட்டும்போது எப்போதும் அப்படித்தான். இசைக்கவையை முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தாள். ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

இரண்டு நாற்பதுக்கு ஆறாவது தந்தி சுருதியில் நின்றது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. காலடி. ஒன்று. இன்னொன்று. நடக்கக் கற்றுக்கொள்ளும் காலடிகள் அல்ல. சீரான, ஒரே எடையுள்ள காலடிகள்.

கணவன் வாசற்படியில் வந்து நின்றான்.

"பத்து நிமிஷம் ஆச்சு," என்றான்.

*

அவள் அழுதாள். பிடித்து உட்காரவைக்கப் போனாள். தேவைப்படவில்லை. அவனே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கவில்லை. நான்கு மாதமாக அந்த வீட்டில் இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த இரைப்பு இப்போது இல்லை. புது மருந்து என்று நினைத்தாள். டாக்டர் வாயில் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நெஞ்சு?"

"ஒண்ணும் இல்லை."

"டீ போடவா?"

"போடு."

டீயைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆடை படரும்வரை உதட்டருகே கொண்டுபோகவில்லை.

"மாப்பிள்ளைக்குப் பல்லு கட்டியாச்சு," என்றாள். "பார்த்தீங்களா?"

அவன் கிட்டாரைப் பார்த்தான். "பார்த்தேன்."

அவ்வளவுதான். பஸ்ஸில் சில்லறை இல்லாதவனிடம்கூட இரண்டு வார்த்தை வம்பு பேசி இறக்கிவிடுகிறவன். நான்கு மாதப் படுக்கை யாரையும் மாற்றும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நாலு மணிவாக்கில் அவன் தோள்கள் சரிந்திருந்தன. முதலில் களைப்பு என்று பட்டது. கன்னம் தொங்கியது. தலை ஒரு பக்கமாக, மிக மெதுவாக, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோலச் சாய்ந்துகொண்டிருந்தது. படுத்துக்கொள்ளச் சொல்லலாமா என்று யோசித்தபடியே அவள் கை வழக்கம்போலக் கிட்டாருக்குப் போனது. புது நைலான் நாலைந்து நாள் இழுத்துக்கொண்டே இருக்கும். சாவி அசையாது, தந்தி நீளும், சுருதி இறங்கும். படியும்வரை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இசைக்கவையைத் தட்டினாள். ஆறும் கால் சுருதி இறங்கியிருந்தன. ஏற்றினாள்.

நிமிர்ந்து பார்த்தபோது அவன் நேராக உட்கார்ந்திருந்தான். தலை நடுவில். தோள்கள் சமம்.

அரை மணி கழித்து மறுபடி சரிந்தான். மறுபடி ஏற்றினாள். இந்த முறை சாவியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே திருப்பினாள்.

நான்காவது சாவிக்கு முதுகு நிமிர்ந்தது. முதல் சாவிக்குக் கன்னம் ஏறியது.

அவள் கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டாள். சும்மா. தற்செயல். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும் பீப் ஒலி. அவன் கையில் அந்த டீ டம்ளர் இன்னமும் இருந்தது.

மூன்றாவது சாவியை ஒரு சுற்று இறக்கினாள்.

அவன் வலது கை விரிந்தது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. ஆறிய டீ அவன் பாதத்தின்மேல் ஓடியது. அவன் பாதத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது சாவியை ஒரு சுற்று ஏற்றினாள்.

கை மூடியது. இல்லாத டம்ளரைப் பிடித்துக்கொண்டது.

*

ஐந்து மணிக்கு நர்ஸ் வந்தாள். தினமும் வருகிறவள். சின்னப் பெண், வாய் ஓயாது. அவன் நாற்காலியில் இருப்பதைப் பார்த்ததும் பையை வாசலிலேயே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

"அண்ணா, என்னை வேலையை விட்டுத் தூக்கறதுக்குத் திட்டமா? அக்கா, சொல்லவே இல்லையே."

"மத்தியானம்தான் எழுந்தார்."

"பரவாயில்லை, நானும் ஒருத்தரைத் தேத்தினேன்னு வெளியில சொல்லிக்குவேன்."

ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றினாள். கருவி உறுமியது, நின்றது. பிழை காட்டியது. மறுபடி சுற்றினாள். மறுபடி பிழை.

"இதுக்கு என் வயசு. மாத்திக் குடுங்கன்னா மாத்த மாட்டாங்க." விரலில் மாட்டும் கிளிப்பை எடுத்தாள். மாட்டினாள். திரையில் இரண்டு கோடுகள் மட்டும் வந்தன. தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். எண் வந்தது. அவன் விரலில் மாட்டினாள். இரண்டு கோடுகள்.

"கை ஏண்ணா இப்படி ஜில்லுன்னு இருக்கு? ஃபேனுக்கு நேரா உட்காராதீங்க."

"சரி," என்றான் அவன்.

ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டி அவன் நெஞ்சில் வைத்தாள். பேச்சு நின்றது. இடம் மாற்றி வைத்தாள். மறுபடி மாற்றினாள். முதுகில் வைத்தாள். அவள் நெற்றியில் ஒரு கோடு விழுந்து, போய், மறுபடி விழுந்தது. மூக்கைச் சுருக்கினாள். அந்த அலமாரி வாடை இப்போது நாற்காலியைச் சுற்றி இருந்தது.

நர்ஸ் எழுந்து அவளை வாசலுக்கு அழைத்துவந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எத்தனை மணிக்கு எழுந்தார்?"

"ரெண்டு நாற்பது."

"அதுக்கு முன்னாடி நீங்க எப்போ உள்ள போய்ப் பார்த்தீங்க?"

அவள் கட்டில் இருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று தட்டு. பத்து நிமிஷம். ஒன்று நாற்பது.

"நான் டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்க்கா. நீங்க... நீங்களும் வெளியில வந்து உட்காருங்களேன்."

"பாலை அடுப்புல வெச்சிருக்கேன்," என்றாள். வைக்கவில்லை.

நர்ஸ் பையை எடுக்காமல் போனாள். தெருமுனை வரை நடந்தாள். அதற்கப்புறம் ஓடினாள்.

*

உள்ளே வந்தபோது அவன் சரிந்திருந்தான். இந்த முறை அதிகம். ஒருமணி நேரமாக அவள் தந்திகளைத் தொடவில்லை. தாடை கழன்றதுபோல் தொங்க, ஒரு கண் பாதி மூடியிருக்க, நாற்காலியின் கைப்பிடியில் மடிந்து கிடந்தான். விரல் ஒன்று மட்டும் அசைந்தது. மரத்தில் தட்டியது. மூன்று தட்டு. நிறுத்தி, மறுபடி மூன்று.

"மேஸ்திரி."

இது அவன் குரல். மதியத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது இது அல்ல. இரைப்போடு, பாதி மூச்சில், நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"மேஸ்திரி... வலிக்குது. பத்து நிமிஷம் ஆகலையா?"

அவள் அவன் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முகத்தைப் பிடித்தாள். குளிர்ந்த கன்னம்.

"இங்கதான் இருக்கேன். பாருங்க. வந்துட்டேன்."

"எப்போ வருவே? மூணு தடவை தட்டினேன்."

"வந்துட்டேன்ங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வேறெங்கோ, வேறு அறையில், கட்டிலில் கிடந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒன்று நாற்பது அவனுக்கு முடியவில்லை. முடியாமல் நீண்டுகொண்டிருந்தது. வாயின் ஓரத்தில் நுரை. தொண்டைக்குள் அந்த இரைப்பு ஏறியது, ஏறி ஏறி ஒரு ஊளையாக மாறியது.

அவள் எழுந்து மேசைக்கு ஓடினாள். சாவிகளைத் திருப்பினாள். ஆறையும்.

ஊளை நின்றது. அவன் நேராக உட்கார்ந்தான். முகத்தில் எதுவும் இல்லை.

"நல்லா இருக்கு," என்றான், யாரும் கேட்காமலே.

இழுப்பறையைத் திறந்து தொலைபேசியை எடுத்தாள். பதினேழு அழைப்புகள். எல்லாம் ஒரே எண். சீட்டில் இருந்த எண். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆறையும் இறக்கினீங்களா?"

"ஒண்ணே முக்காலுக்கு. துளை கோணிடும்னுதான்..."

"ஒண்ணே முக்கால்." தையல்காரர் அதைத் துணியை அளப்பவர்போல நிதானமாகச் சொன்னார். "நான் கடையில இருந்தேன். உள்ள விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி போனவ இப்போ எப்படி இருப்பாளோ, அப்படிக் கிடந்தா. சமையலறையில. கையில கரண்டி."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மன்னிச்சிடுங்க."

"திட்டறதுக்குக் கூப்பிடலைம்மா. திரும்ப ஏத்தினா எழுந்துப்பாளான்னு பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்துக்கலை." குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அப்போ அங்க யாரு எழுந்தாங்க?"

அவள் அழும் ஓசையை அவர் கேட்டார்.

"நைலான் படியறதுக்கு நாலு நாள் ஆகும்," என்றார். "அதுவரைக்கும் தூங்காதீங்க. இறங்கினா அவங்களுக்கு வலிக்கும். போன நேரத்து வலி, அப்படியே. நீங்க அதைக் கேட்டுட்டு இருக்க முடியாது. படிஞ்சப்புறம் ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை ஏத்தினாப் போதும். மழைக்காலத்துல கூடக் கொஞ்சம். தந்தியை ஒண்ணொண்ணா மாத்துங்க."

"இப்படியேவா?"

"இப்படியேதான்."

"ஒரேயடியா விட்டுடலாமே."

"விடலாம். கட்டரால ஆறையும் சேர்த்து ஒரே வெட்டு. ஒரு நொடிதான், வலிக்காதுன்னு நெனைக்கிறேன்." அவர் மூச்சு விட்டார். "பதினோரு வருஷமா தினமும் காலையில கட்டரை எடுப்பேன். அவ வந்து சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேப்பா. வெச்சுடுவேன்."

"அவங்க... உங்களோட பேசுவாங்களா? அவங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்வா," என்றார் தையல்காரர். "அந்தக் கிட்டார் எனக்கு வேண்டாம்மா." வைத்துவிட்டார்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள். யாரோ யாரையோ குளிக்கச் சொல்லித் திட்டினார்கள். அவள் சமையலறை இருட்டில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. மதியம் கட்டிலில் கிடந்தவன் மூன்று முறை தட்டினான். பதினைந்து அடி தூரம். அவள் ஒரு துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோணாமல் இருந்தது.

வெட்டிவிடலாம்.

கட்டர் மேசையில் வலதுபக்க ஆணியில் தொங்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அவன் பேசுவதற்கு முன்னால். தான் எதுவும் கேட்பதற்கு முன்னால். நாலு அடி, கட்டர், ஒரே வெட்டு.

கதவில் கை வைத்தாள்.

அந்தப் பக்கம் ஒலி.

மிக மெல்லிய ஒலி. எண்ணெய் போட்ட பற்சக்கரத்தின் ஒலி. பட்டுப்போல.

தந்தி இன்னும் படிந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். இறங்கியிருக்கும். வலித்திருக்கும். ஊளை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சக்கரம் சுற்றியது. நின்றது. சுற்றியது.

கதவைத் திறந்தாள்.

மேசை விளக்கு எரிந்தது. நாற்காலி காலி. அவன் அவள் ஸ்டூலில், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் கிட்டார். இடது கை கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கை சாவியிலிருந்து சாவிக்குப் போனது. அவள் செய்வதைப்போலவே. ஒன்று. இரண்டு. மூன்று. கட்டர் ஆணியில் இல்லை. அவன் காலடியில் கிடந்தது, அதன்மேல் அவன் பாதம்.

தந்திகள் சுருதியில் இல்லை. சுருதியைத் தாண்டிவிட்டன. அவள் காதுக்கு அது தெரிந்தது. ஒரு முழுச் சுருதி. ஒன்றரை. மரம் முனகியது. மேல்பலகை, தந்திகளின் அடியைப் பிடித்திருக்கும் குதிரைப் பக்கத்தில் உப்பி வளைந்தது.

"என்னங்க."

அவன் எழுந்தான். கையை ஊன்றவில்லை. மேலிருந்து தூக்கியதுபோல எழுந்தான்.

திரும்பினான்.

அவன் கழுத்தில் ஆறு நரம்புகள். தாடையிலிருந்து காறை எலும்புவரை. கம்பிபோல. தோல் அவற்றின்மேல் கூடாரத் துணியாய் நின்றது. உதடுகள் இரு பக்கமும் காதுவரை இழுபட்டு, பற்கள் எல்லாம் தெரிந்தன. கண் இமைகள் மூட முடியாதபடி மேலேறியிருந்தன. குதிகால்கள் தரையில் இல்லை. கட்டைவிரல் நுனிகளில் நின்றான். கூரையைத் தொடப்போகிறவன்போல. நின்றபடியே வளர்ந்துகொண்டிருந்தான்.

வலது கை ஆறாவது சாவியில்.

விரல்கள் வெளுத்திருந்தன.

அசையாத அந்தப் பற்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. இரைப்பு இல்லை. ஒரு சந்தேகத்தைத் தொழில் தெரிந்தவளிடம் கேட்டுத் தெளிந்துகொள்கிறவனின் குரல்.

"இப்போ சுத்தமா வலிக்கலை. இன்னும் ஒரு சுத்து தாங்குமா?"